தள்ளுபடி பிளாங்க் வாங்கி ராடு கட்டலாமா?

என் நோட்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கு இருக்கிறது. ஏழடி நீளம், இரண்டு துண்டு கார்பன் பிளாங்க், அதாவது தூண்டில் ராடு கட்ட வாங்கும் வெறும் கழி. நல்ல சரக்கு 3,800 ரூபாய். ஏதோ குறை இருப்பதால் ‘செகண்ட்ஸ்’ என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்ததில் அதே பிளாங்க் 2,300. பார்த்ததும் கை பரபரத்தது. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு அல்லவா! ராடைக் கட்டி முடித்த பிறகு உட்கார்ந்து கூட்டினேன். கைடு செட் (தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள்) 1,900, ரீல் சீட் (நரம்பு சுற்றும் ரீலைப் பூட்டும் இடம்) 650, கைப்பிடி 400, நூலும் எபாக்ஸிப் பிசினும் 700, கூரியர் 350. பிளாங்க்கோடு சேர்த்து 6,300. நல்ல பிளாங்க்கிலேயே கட்டியிருந்தால் 7,800 ஆகியிருக்கும். நாற்பது சதவீதம் லாபம் என்று குதித்து வாங்கியது, கடைசியில் இருபதுகூடத் தேறவில்லை.

பழைய கணக்கை இப்போது கிளறக் காரணம், கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுன்) இருக்கும் என் மச்சான். மழைக்காலம் தொடங்கி ஆற்றில் புதுத்தண்ணீர் இறங்குவதற்குள் அவனுக்கு ஒரு ராடு வேண்டும். தென்பெண்ணை முகத்துவாரத்தில் நின்று கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) போட வேண்டும். ஸ்பின்னிங் ரீல் ஏற்கெனவே வைத்திருக்கிறான். “மாமா, ஒரு இடத்துல செகண்ட்ஸ் பிளாங்க் பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கிடட்டுமா?” என்று போனில் கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவன் முன்னால் இருந்த வழி ஒன்றல்ல, நான்கு.

முதலாவது, கடையில் கட்டி வைத்திருக்கும் ராடையே வாங்கிக்கொண்டு வருவது. ராடு கட்டுபவர்கள் இதை ஏளனமாகப் பேசுவார்கள், நான் பேச மாட்டேன். ஐயாயிரம் ரூபாய்க்குள் கடை ராடு தரும் மதிப்பை வீட்டில் உட்கார்ந்து கட்டி எட்டிப் பிடிக்க முடியாது. கைடையும் ரீல் சீட்டையும் தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது, நாம் ஒன்று ஒன்றாக வாங்குகிறோம். இன்று வாங்கினால் நாளை விடியற்காலை தண்ணீரில் நிற்கலாம். ஒடிந்தால் கேட்க ஒரு பில்லாவது கையில் இருக்கும். எனக்கு அதில் ஒரே குறை கைடுதான். விலை குறைந்த ராடுகளில் கைடின் சட்டம் நம் உப்புக்காற்றை ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. வளையத்தைச் சுற்றிப் பழுப்பாகத் துரு இறங்கும். அப்புறம் ஒருநாள் பாறை மீன் இழுக்கும்போது உள்வளையம் மட்டும் கழன்று நரம்போடு ஓடும். புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம் எனக்கே இது நடந்தது.

இரண்டாவது, குறையில்லாத பிளாங்க்கை முழு விலைக்கு வாங்கிக் கட்டுவது. ஏற்கெனவே இரண்டு மூன்று ராடு கட்டிக் கை பழகியவர்களுக்கும், படகில் போய்ப் பெரிய பாறை மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் போடுபவர்களுக்கும் இதுதான் சரி. முழு பாரம் ஏறிய கனமான ராடு படகில் கையருகே வெடித்தால் முகத்தில் அடிக்கும். அங்கே ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பார்ப்பது புத்தி அல்ல. மச்சானுக்கு இது தேவையில்லை.

மூன்றாவதுதான் அவன் கேட்டது, செகண்ட்ஸ். இதற்குப் பதில் சொல்ல, பிளாங்க் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

பிளாங்க் என்பது உள்ளே வெற்றிடமான, நுனி நோக்கி ஒடுங்கும் குழாய். பிசின் ஊறிய கார்பன் துணியை அளவு பார்த்து வெட்டி, மேன்ட்ரல் என்கிற கூம்பு வடிவ இரும்புக் கம்பியில் சுருட்டுவார்கள். அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வைத்து வேகவைப்பார்கள். வெந்த பிறகு கம்பியை உருவி, நாடாவைப் பிரித்து, மேற்புறத்தைத் தேய்த்து, பெயின்டோ கிளியர் கோட்டோ அடிப்பார்கள். இந்த ஒவ்வொரு படியிலும் ஒரு குறை நுழைய இடமிருக்கிறது. எந்தப் படியில் நுழைந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது வெறும் அழகுக் குறையா, உயிர்க் குறையா என்று சொல்ல முடியும்.

கடைசிப் படியில் வந்தவை ஆபத்தில்லாதவை. பெயின்ட் ஓரிடத்தில் வழிந்து சொட்டாக நிற்கும். இரண்டு துண்டும் வேறு வேறு கருப்பாக இருக்கும். மேல் கோட்டில் தூசி ஒட்டியிருக்கும், எழுத்து கோணலாக அச்சாகியிருக்கும். இதற்கெல்லாம் விலை குறைத்துத் தந்தால் தயங்காமல் வாங்கலாம். சொட்டு இருக்கும் இடத்தில் கைடு வருமாறு பார்த்துக்கொண்டால் நூல் அதை மூடிவிடும். அடிப்பாகத்தில் இருந்தால் கைப்பிடிக்குள் போய்விடும். கொடுவா பெயின்ட் பார்த்துக் கடிப்பதில்லை.

நடுப்படிக் குறை கோணல். வேகும்போதோ ஆறும்போதோ பிளாங்க் ஒரு பக்கம் லேசாக வளைந்துவிடும். செகண்ட்ஸ் கட்டில் பாதிக்குமேல் இந்த ரகம்தான் எனக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. அப்பா காலத்தில் மூங்கில் கழி கோணலாக இருந்தால் தணலில் காட்டி, முட்டியில் வைத்து அழுத்தி நிமிர்த்திவிடுவார்கள். கார்பனில் அந்த வேலை பலிக்காது. பிசின் ஒருமுறை வெந்தால் வெந்ததுதான், மறுபடி சூடு காட்டினால் பிளாங்க்கே பாழ். ஆனால் நிமிர்த்தவும் அவசியமில்லை, கோணலை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வளைவு இடவலமாக விழாமல் மேல்கீழாக விழும்படி பிளாங்க்கைத் திருப்பி, அந்தக் கோட்டில் கைடுகளைக் கட்ட வேண்டும். நுனி மேல்நோக்கி நிற்கும்படி வைத்தால் கைடின் எடையும் நரம்பின் எடையும் சேர்ந்து அதைப் பெருமளவு நேராக்கிவிடும். இரண்டு துண்டு பிளாங்க் என்றால் இன்னும் வசதி. இரண்டு துண்டின் கோணலையும் ஒரே தளத்துக்குத் திருப்பிப் பொருத்தி, இணைப்பில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஸ்பைன் பார்க்க வேண்டாமா? துணியைச் சுருட்டும்போது விளிம்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவர் சற்றுத் தடிக்கும், அந்தப் பக்கம் விறைப்பு கூடும். அதுதான் ஸ்பைன். அடிப்பாகத்தை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியைக் கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால் பிளாங்க் தானாக ஒரு பக்கம் குதித்து நிற்கும். அந்தக் கோட்டில்தான் கைடு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது ராடு கைக்குள் முறுக்கும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். நான் செய்து பார்த்தவரை, முறுக்குவது ஸ்பைன் அல்ல, கைடின் இடம். கைடு ராடின் மேல்பக்கம் இருந்தால், இழுபடும் நரம்பு அந்த வளையங்களைக் கீழே சாய்க்கப் பார்க்கும். ஸ்பைன் எந்தப் பக்கம் இருந்தாலும் அப்படித்தான். ஸ்பின்னிங் ராடில் கைடு ஏற்கெனவே கீழே தொங்குவதால் இந்தத் தொல்லையே இல்லை. ஆகவே கோணலா ஸ்பைனா என்று வந்தால் நான் கோணலைத்தான் பார்ப்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு, வரட்டும்.

இனி முதல் படிக் குறைகள். நாருக்குள்ளேயே இருப்பவை இவை. விரலால் தடவும்போது குழியாகத் தட்டுப்படும் நசுங்கல், மேல் கோட்டைத் தாண்டி நாரை வெட்டிய கீறல், ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் மெத்தென்று கொடுப்பது, இணைப்பு வாயில் மயிரிழை வெடிப்பு. இவற்றில் எது இருந்தாலும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ராடு வளையும்போது உள்ளே வெற்றாக இருக்கும் குழாய் நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போகப் பார்க்கும். சுவர் சீராக இருக்கும்வரை தாங்கும். ஓரிடம் பலவீனமானால் அங்கேயே மடங்கும். மூங்கில் முனகிவிட்டு ஒடியும், கார்பன் பெரும்பாலும் முன்னறிவிப்பு எதுவும் தராது. அதுவும் வாங்கிய அன்று ஒடியாது, ஆறு மாதம் கழித்து நல்ல மீன் மாட்டும்போதுதான் ஒடியும். செகண்ட்ஸ் சரக்குக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.

எந்தக் கார்பன் என்பதும் கணக்கில் வரும். பிளாங்க்குகளில் 24 டன், 30 டன், 40 டன் என்று போட்டிருப்பார்கள். அது ராடு தூக்கும் எடை அல்ல, நாரின் விறைப்பைச் சொல்லும் அளவு. எண் கூடக் கூட, அதே விறைப்புக்குக் குறைந்த நார் போதும். சுவர் மெலியும், ராடு இறகு மாதிரி ஆகும். கூடவே ஒரு சின்ன அடி பட்டாலும் பொறுக்காத குணமும் வந்துவிடும். ஆகவே 24 டன்னிலோ கண்ணாடி நார் கலந்ததிலோ செகண்ட்ஸ் கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம். 40 டன் பிளாங்க்கைப் பாதி விலைக்கு யாராவது நீட்டினால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அந்த மெல்லிய சுவரில் எனக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கக்கூடிய குறைக்கு நான் பயப்படுகிறேன்.

சோதிக்க ஒரு காலை நேரம் போதும். முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிளாங்க்கின் நீளத்தோடு பார்த்துச் சுழற்றுங்கள், கோணல் தெரிந்துவிடும். அடுத்து மெல்லிய பஞ்சை நுனியிலிருந்து அடிவரை இழுங்கள். நார் பிரிந்த இடத்தில் பஞ்சு மாட்டும். பிறகு கட்டைவிரல் நகத்தால் வழிநெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் அடியிலிருந்து நுனிக்குச் சீராக மாற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மொத்தையாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். இணைப்பைச் சொருகி ஆட்டிப் பாருங்கள். கடைசியாகப் பாரம். நுனியில் நைலான் நரம்பில் ஒரு சுருக்கை டேப்பால் இறுக்கி ஒட்டி, தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்க வேண்டும். முதலில் அரை லிட்டர், பிறகு ஒரு லிட்டர். மச்சான் பார்த்த அளவு தடிமனுக்கு இது நியாயமான பாரம். பிளாங்க்கைச் செங்குத்தாக நிமிர்த்தாமல் சாய்வாகவே பிடியுங்கள், நிமிர்த்தினால் நல்ல ராடுகூட நுனியில் ஒடியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

‘திருப்பி அனுப்ப’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். கூரியரில் வந்த செகண்ட்ஸைத் திருப்பி எடுப்பார்களா என்பதை வாங்குமுன் கேட்டு வையுங்கள். ஒரே துண்டாக ஏழடி என்றால் பி.வி.சி. குழாய்க்குள் போட்டு அனுப்ப ஆகும் செலவே தள்ளுபடியில் கணிசமாகத் தின்றுவிடும். இரண்டு துண்டு என்றால் மூன்றரை அடியில் முடிந்துவிடும். சென்னையில் கிடைக்கிறது என்றால் நேரில் போவதே நல்லது. நாலைந்தை உருட்டிப் பார்த்து, இருப்பதில் நல்ல குறையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரலாம். நடத்துநர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

இனி நான்காவது வழி. உண்மையில் மூன்றாவதற்கு அர்த்தம் கொடுப்பதே இதுதான். பழைய ராடு ஒன்று எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கும், நுனி ஒடிந்ததோ கார் கதவில் மாட்டியதோ. மச்சானிடமும் இருந்தது. நல்ல கைடு போட்ட ஏழடி ராடு, இரண்டாம் கைடுக்கு மேல் ஒடிந்தது. அதை அப்படியே செப்பனிடலாமா என்று அவனுக்கு ஒரு யோசனை. ஒடிந்த இடத்துக்கு உள்ளே ஒரு கார்பன் குச்சியை ஒட்டிச் சொருகி, வெளியே நூல் சுற்றி எபாக்ஸி போட்டால் ராடு எழுந்து நிற்கும்தான். ஆனால் அந்த இடம் கட்டை மாதிரி வளையாமல் நிற்கும், பாரமெல்லாம் அதன் இரண்டு ஓரத்திலும் போய் விழும். கெளுத்திக்குப் போடும் ராடு என்றால் போகட்டும், கொடுவாவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த ராடை உறுப்பு தானம் கொடுக்க வைப்பதே மேல். என் பழைய கணக்கில் கைடும் ரீல் சீட்டும் சேர்ந்து 2,550. அவை பரணிலிருந்து இறங்கி வந்தால் 6,300 ரூபாய் ராடு 3,750-க்கு முடியும். இப்போதுதான் செகண்ட்ஸ் தள்ளுபடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருகிறது. கடை ராடையும் இப்போதுதான் முந்துகிறது.

கைடைக் கழற்ற, கைடுக் காலின் மேல் இருக்கும் நூலில் பிளேடைப் படுக்கவைத்துச் சீவ வேண்டும். உலோகத்தின் மேல் சீவுவதால் கால் கெடாது. நுனி வளையம் உருகும் பசையில் ஒட்டியிருக்கும், லைட்டரை ஒரு நொடி காட்டி இழுத்தால் வந்துவிடும். ரீல் சீட்தான் முரண்டு பிடிக்கும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஊற்றி எபாக்ஸியை இளக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், பழைய பிளாங்க்கைத் தியாகம் செய்ய முடிவெடுத்த பிறகு ரம்பத்துக்கு என்ன தயக்கம்? கழற்றிய ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் வெடிப்பு இருக்கிறது என்று பொருள், அந்த வளையம் பிரெய்டு (பின்னல்) நரம்பை அறுத்துவிடும். மச்சான் ராடில் ரீலுக்கு அடுத்த பெரிய கைடு அப்படித்தான் இருந்தது. அதை மட்டும் புதிதாக, ஃபூஜி கம்பெனி கைடில் அலுமினியம் ஆக்ஸைடை விட ஒரு படி மேலான வளையம் போட்டதாக வாங்கச் சொன்னேன்.

பழைய கைடு செட்டைப் பழைய இடைவெளியிலேயே புதிய பிளாங்க்கில் கட்டிவிடக் கூடாது. அடிக்கு ஒன்று என்பது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே, ஏழடிக்கு ஏழெட்டு வரும், நுனி வளையம் தனி. டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் பாட்டிலைக் கட்டி வளைத்துப் பாருங்கள். நரம்பு பிளாங்க்கின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது குறுக்கு வழியில் போனால் அங்கே கைடை நகர்த்துங்கள், போதாவிட்டால் ஒன்று கூட்டுங்கள். செகண்ட்ஸ் பிளாங்க்கில் இதை அவசரமாக முடிக்காதீர்கள். அதன் வளைவு நல்ல சரக்கின் அட்டவணைப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

மற்றதெல்லாம் எந்த ராடுக்கும் பொது. நம் ஊர் வானிலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் எபாக்ஸி குழைத்தால் தூரிகை எடுப்பதற்குள் கெட்டியாகும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பால் பூத்த மாதிரி மங்கிப்போகும். ஜன்னலை அடைத்து, முடிந்தால் ஏ.சி. ஓடும் அறையில் செய்யுங்கள். இரண்டு பாகத்தையும் தனித்தனி சிரிஞ்சில் சரிசமமாக அளந்து, மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றினால் குமிழியும் போகும், உறையவும் நேரமாகும். பூசிய பின் வழியாமல் இருக்க ராடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் இதற்கென்றே பிறந்தது. நான் பழைய சாமான் கடையில் ஐம்பது ரூபாய்க்கு எடுத்தேன். 230 வோல்ட் மோட்டார் என்பதால் இணைப்பை ஒழுங்காக மூடி வையுங்கள். மின்சாரம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கார்பன் மின்சாரம் கடத்தும். முகத்துவாரத்தில் இடி கேட்டால் செகண்ட்ஸோ ஃபர்ஸ்ட்ஸோ, ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

மச்சான் கடைசியில் சென்னைக்குப் போய் வந்தான். லேசான கோணல், பிடிக்கு மேலே ஒரு பெயின்ட் சொட்டு, 24 டன். கொண்டுவந்து என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டித் தூக்கினோம், சத்தமில்லை. சொட்டின் மேல் மெரூன் நூலில் இரண்டு அங்குலத்துக்குப் பட்டை சுற்றினான். அது வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்றுதான் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். நேற்று இரவு இரண்டாவது கோட் பூசி மோட்டாரில் மாட்டினோம். நாளைக் காலை வரை தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெளியே மழை தூற ஆரம்பித்திருக்கிறது, அவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அறையின் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.